பழியை விலைமேல் போடாதீர்கள்

மடிக்கும் திரை கொண்ட போன் ஏன் இன்னும் பரவவில்லை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: விலை. கடையில் நிற்கும் விற்பனைப் பையன் அதைச் சொல்கிறான். யூடியூபில் போனைப் பிரித்துக் காட்டுகிறவர் அதைச் சொல்கிறார். நாளிதழின் தொழில்நுட்பப் பக்கமும் அதையே எழுதுகிறது. இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கள், முப்பதாயிரத்துக்கு இறங்கட்டும், அப்புறம் எங்கள் திருவண்ணாமலை வேங்கிக்காலிலும் எல்லார் சட்டைப்பையிலும் மடிக்கும் போன்தான் என்கிறார்கள். 2019இலிருந்து இந்த இரண்டு வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். ஒரு பொருள் நம் ஊருக்கு வரவில்லை என்றால் நம்மிடம் காசில்லை, அவ்வளவுதான் என்று நாமே ஒப்புக்கொண்டு பழகிவிட்டோம்.

இந்தக் கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன். மடிக்கும் போனை மக்கள் வாங்காமலிருப்பதற்கு விலை முதல் காரணம் இல்லை. வாங்கிய பொருளை வைத்துக் காலம் தள்ள முடியாது என்பதுதான் முதல் காரணம். மக்கள் அதைச் சரியாகவே கணித்திருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கைக் காசில்லாதவர்களின் ஏக்கம் என்று திரித்துச் சொல்வது அநியாயம்.

விலையையே முதலில் எடுத்துக்கொள்வோம். சாம்சங் தன் முதல் மடிப்பு போனை 2019 பிப்ரவரியில் அறிவித்தது. ஏப்ரலில் விற்பனைக்கு வரவேண்டியது. விமர்சனம் எழுதக் கொடுத்த போன்களே சில நாட்களில் திரை கெட்டுப்போனதால் தள்ளிப்போனது. கடையில் ஒட்டித் தரும் பிளாஸ்டிக் தாள் என்று நினைத்துச் சிலர் மேலே இருந்த படலத்தை உரித்துவிட்டார்கள். அது திரையின் ஒரு பகுதி. அந்தப் போன் அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 1,64,999 ரூபாய். 2025 ஜூலையில் அதன் ஏழாவது தலைமுறை வந்தது. விலை 1,74,999 ரூபாய். விலை இறங்கும் இறங்கும் என்று சொல்லப்பட்ட ஆறு ஆண்டுகளில் பத்தாயிரம் ஏறியிருக்கிறது. இதற்கிடையில் பொறியாளர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். முதல் போன் மடித்தால் 17 மில்லிமீட்டர்வரை தடிமன், 276 கிராம் எடை. ஏழாவது மடித்தால் 8.9 மில்லிமீட்டர், 215 கிராம். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் உழைப்பெல்லாம் மெலிவுக்குத்தான் போனது, விலைக்குப் போகவில்லை.

சரி, சாம்சங் இறக்கவில்லை, மற்றவர்கள் இறக்கினார்களே? இறக்கினார்கள். 2023 ஏப்ரலில் டெக்னோ 88,888 ரூபாய்க்குப் புத்தகம்போல் விரியும் போனைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் மேலிருந்து கீழாக மடியும் சிறிய போனை 49,999 ரூபாய்க்கு விற்றது. மோட்டோரோலா ரேசர் 40 வந்தபோது 59,999. 2024இல் இன்ஃபினிக்ஸ் ஒன்றை 49,999க்கு இறக்கியது. ஐம்பதாயிரம் என்பது நம் ஊர் இளைஞர்கள் தொடமுடியாத விலையா? அதே ஐம்பது, அறுபதாயிரத்துக்கு ஒரு தலைமுறை பழைய ஐபோனைத் தவணையில் எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். அதே காசு, அதே தவணை. மடிக்கும் போன் பக்கம் மட்டும் அவர்கள் திரும்பவில்லை. உலக அளவிலும் விற்கும் நூறு ஸ்மார்ட்போன்களில் மடிக்கும் போன் இரண்டுகூட இல்லை.

2025 ஜூலையில் 48 மணி நேரத்தில் இந்தியாவில் தன் புதிய மடிப்பு போன்களுக்கு 2,10,000 முன்பதிவு என்று சாம்சங் அறிவித்ததைப் பெரிய திருப்பமாகக் காட்டுகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி ஸ்மார்ட்போன் விற்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஆயிரத்துக்கு ஒன்றரைகூடத் தேறாது.

எங்கள் வேலூர் ரோட்டில் அரை மணி நேரம் நின்றால் எத்தனை புல்லட் போகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அதுவும் ஒன்றே முக்கால் லட்சம் போலத்தான் ஆகிறது. வாங்கியவர்கள் எல்லாரும் ஜமீன்தார்கள் இல்லை. மல்லாட்டை போட்டு எடுத்தவரும் இருக்கிறார், செய்யாறு சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிறவரும் இருக்கிறார், ஆட்சியர் அலுவலகத்துக் கடைநிலை ஊழியரும் இருக்கிறார். அந்த வண்டியை எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். கிளட்ச் பிளேட் எந்தக் கடையிலும் கிடைக்கும். பத்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றாலும் கையில் ஒரு தொகை நிற்கும். ஒன்றே முக்கால் லட்சத்தைச் செலவழிக்க எங்கள் ஊருக்குத் தெரியும். எதில் போட்டால் நிற்கும் என்றும் தெரியும்.

இப்போது அதே ரோட்டிலுள்ள ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்குள் வாருங்கள். சாதாரண போன் ஒன்று கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அதைச் சூடான தகட்டின்மேல் வைக்கிறார். ஓரத்துப் பசை இளகுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் முள்ளை விட்டுச் சுற்றி வருகிறார். ஸ்குரூக்களைக் கழற்றி அவற்றின் இடத்தின் வரிசைப்படியே காந்தப் பலகையில் ஒட்டுகிறார், ஏனென்றால் நீளம் மாறிப்போனால் போர்டைக் குத்தும். ரிப்பன் கேபிளை நெம்பி எடுக்கிறார். உடைந்த கண்ணாடித் துகளையும் பழைய பசையையும் சுரண்டித் துடைக்கிறார். புது டிஸ்ப்ளே காம்போவை மாட்டி, ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் ஆன் செய்து, விரலால் நாலு மூலையும் இழுத்து டச் பார்க்கிறார். அப்புறம்தான் பசை. சுற்றி ரப்பர் பேண்டு போட்டு ஓரமாக வைக்கிறார். நீங்கள் எதிரே டீ குடித்துவிட்டு வந்தால் போன் தயார். சாதாரண போனுக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஆகும். ஒரிஜினலா காப்பியா என்று அவரே சொல்லிவிடுவார்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் மடிக்கும் போனை இந்தக் கடைக்குக் கொண்டுபோனான். தவணை முடியும் முன்பே மடிப்பு விழும் இடத்தில் நெட்டுக்குக் கோடு வந்துவிட்டது. கடைக்காரர் வாங்கித் திறந்து பார்த்தார், மூடித் திருப்பிக் கொடுத்தார். "பேட்டரி, சார்ஜிங் போர்டுன்னா சொல்லு தம்பி, பண்ணித் தரேன். உள் டிஸ்ப்ளேவ நான் தொடமாட்டேன். பீஸ் கிடைக்காது. கிடைச்சாலும் ஒட்டும்போது போச்சுன்னா அவ்ளோ காசுக்கு நான் எங்க போவேன்?" கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகை, அன்றைய தேதிக்கு அந்தப் போனே விற்கும் விலையில் பாதிக்கு வந்தது. அவன் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுக்கொண்டான்.

இது கடைக்காரரின் திறமைக் குறைவு இல்லை. ஐபோன் போர்டில் கண்ணுக்குத் தெரியாத ஐசியை மாற்றுகிற கை அது. சிக்கல் பொருளின் அமைப்பில் இருக்கிறது. சாதாரண போனின் மேல்கண்ணாடி அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டது. மடிக்கும் திரையில் இருக்கும் கண்ணாடி பல போன்களில் சுமார் 30 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. தலைமுடியைவிட மெல்லியது. அதனால்தான் மடிகிறது. அதனால்தான் அதற்கு மேல் பிளாஸ்டிக் படலம் வேண்டியிருக்கிறது, அந்தப் படலத்தில் நகம் அழுந்தினாலே தழும்பு விழுகிறது. உள் திரை, கீல், சட்டம் மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. ஒன்று கெட்டால் மூன்றுக்கும் காசு.

அடுத்தது தூசு. சாம்சங்கின் ஏழாவது மடிப்பு போனின் தரம் ஐபி48 என்று போட்டிருப்பார்கள். பின்னால் உள்ள 8 தண்ணீருக்கு. முன்னால் உள்ள 4 திடப்பொருளுக்கு: ஒரு மில்லிமீட்டரைவிடப் பெரிய துகள் உள்ளே போகாது என்று அதற்குப் பொருள். அதைவிடச் சிறிய துகளுக்கு அந்த எண் எந்த உறுதியும் தரவில்லை. சித்திரை வெயிலில் வேலூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், நம் முகத்தில் அப்புவது ஒரு மில்லிமீட்டர் கல்லா, அதைவிடப் பொடியா என்று. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் பௌர்ணமிக் கூட்டத்தோடு நடந்து வந்தால் சட்டைப்பையின் அடியில் என்ன சேர்ந்திருக்கும் என்றும் தெரியும். ஐந்து லட்சம் முறை மடித்துச் சோதித்தோம் என்று சாம்சங் சொல்கிறது. உண்மைதான். அந்தச் சோதனை 25 டிகிரி வெப்பத்தில் நடந்தது. திருவண்ணாமலையில் கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. 2025இல் கூகுள் தன் மடிப்பு போனுக்குத் தூசு புகாத ஐபி68 தரத்தைக் கொண்டுவந்தது. நல்ல முன்னேற்றம், மறைக்காமல் சொல்கிறேன். வந்தபோது அதன் விலை 1,72,999 ரூபாய், உள் திரை உடைந்தால் எங்கள் கடைக்காரரின் பதில் அதற்கும் அதேதான்.

விலை வாதம் பேசுகிறவர்கள் மறந்துவிடும் இன்னொன்று இருக்கிறது. எனக்கு இதுதான் மிக முக்கியம். நம் வீடுகளில் போன் ஒருவரோடு முடிவதில்லை. மகன் புதுசு வாங்கினால் அவனுடையது அப்பாவுக்கு. அப்பாவுடையது அம்மாவுக்கு. அம்மாவுடையது அத்தை வீட்டுப் பிள்ளைக்கு. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது எத்தனை பிள்ளைகள் இப்படிக் கைமாறி வந்த, மூலையில் விரிசல் விட்ட போனில் பாடம் கேட்டார்கள்! புதுப் போன் வாங்க வழியில்லாத வீட்டில் பாடம் நிற்காமல் போனதற்கு அந்தப் பழைய போன்தான் காரணம். ஒரு போன் மூன்று பேருக்கு உழைக்கும் என்பதை வைத்துத்தான் நம் குடும்பங்கள் இருபதாயிரம் போடத் துணிகின்றன. மடிக்கும் போன் முதல் கையிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாம் கை வாங்கும் கடைக்காரர்கூட அதன் மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார். அப்படியானால் அதன் உண்மையான விலை பெட்டியில் போட்டிருப்பதைவிடப் பலமடங்கு. ஐம்பதாயிரத்துக்கு இறங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. முப்பதாயிரத்துக்கு இறங்கினாலும் மாறாது.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம், பெரிய திரை கிடைக்கிறதே, படம் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கும் என்பார்கள். விளம்பரத்தில் காட்டுவதும் அதைத்தான். ஒரு ஸ்கேலை எடுத்து அளந்துவிடலாம். சாம்சங்கின் ஏழாவது மடிப்பு போனை விரித்தால் 8 அங்குலம். ஆனால் அது ஏறக்குறைய சதுரம்: 15.1 சென்டிமீட்டருக்கு 13.6 சென்டிமீட்டர். நம் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சினிமாஸ்கோப். உயரத்தைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைந்த அகலம். அந்தப் படத்தைச் சதுரத் திரையில் போட்டால் 15.1 சென்டிமீட்டர் அகலமும் 6.3 சென்டிமீட்டர் உயரமுமாக நடுவில் ஒரு பட்டைதான் ஓடும். மேலும் கீழும் கறுப்பு. பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 6.7 அங்குலச் சாதாரண போனைப் படுக்கவைத்தால் திரையின் நீளம் 15.5 சென்டிமீட்டர். அதே படம் அதில் 15.5க்கு 6.5 என்று ஓடும். ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்ப் போனில் தெரிவதைவிடப் பெரிதாக! சீரியலும் யூடியூபும் 16க்கு 9 என்ற அளவில் வருவதால் அங்கே மடிப்பு போன் ஜெயிக்கும்: 12.4 சென்டிமீட்டர் அகலம் 15.1 ஆகும். ரீல்ஸ் பார்க்கத் திறக்கவே வேண்டாம், வெளித்திரையே போதும். ஸ்கோப் படத்தில் தோல்வி, சீரியலில் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான லாபம். எட்டு அங்குலம் என்று சொன்னால் மனத்தில் விரியும் திரை இதுவா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. செல்போனே ஒரு காலத்தில் பணக்காரர் பொருளாக இருந்ததுதானே என்பார்கள். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு டெல்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுக்கு நாட்டின் முதல் செல்போன் அழைப்பைச் செய்தார். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய்வரை கட்டணம், வருகிற அழைப்புக்கும் காசு. 2003இல் உள்வரும் அழைப்பு இலவசமானது, அதற்கப்புறம் செல்போன் எல்லார் கைக்கும் வந்தது. விலை இறங்கியதும் பரவியது, அப்படியென்றால் இதுவும் பரவும் என்கிறார்கள்.

பொருந்தாத உதாரணம் இது. செல்போன் அதுவரை இல்லாத ஒன்றைக் கொடுத்தது. வயலில் நிற்கிறவரை வீட்டிலிருந்து கூப்பிட முடிந்தது. அதற்காக மக்கள் காத்திருந்தார்கள், விலைதான் குறுக்கே நின்றது. மடிக்கும் போன் செய்கிற எதையும் ஏற்கெனவே கையில் இருக்கிற போன் செய்கிறது. விலை இறங்கினால் பரவும் பொருளும் உண்டு, இறங்கியும் போய்விடும் பொருளும் உண்டு. 2010இல் முப்பரிமாண டிவிதான் வருங்காலம் என்றார்கள். விலை இறங்கத்தான் செய்தது. 2017க்குள் பெரிய கம்பெனிகள் எல்லாம் செய்வதை நிறுத்திவிட்டன. வளையும் திரை உலகத்திலேயே நடந்ததைப் பாருங்கள். உலகத்தில் முதன்முதலில் மடிக்கும் போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது சாம்சங் இல்லை, சீனாவின் ரோயோல், 2018இல். அந்தக் கம்பெனி 2024இல் திவாலானது. எல்ஜி 2021 ஜனவரியில் சுருட்டி விரிக்கும் போனைக் காட்டியது, அதே ஆண்டு ஏப்ரலில் போன் தொழிலையே விடுவதாக அறிவித்தது. ஹுவாவே 2024இல் மூன்றாக மடியும் போனை 19,999 யுவானுக்குக் கொண்டுவந்தது. ஒரு கீல் இருந்த இடத்தில் இரண்டு கீல்.

ஆப்பிள் இறங்கிவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்ற பேச்சும் சில ஆண்டுகளாக அடிபடுகிறது. ஆப்பிள் தொட்டதெல்லாம் பரவிவிடவில்லை. சிறிய ஐபோன் மினியை 2020இலும் 2021இலும் செய்து பார்த்துவிட்டு நிறுத்தியது அதே கம்பெனிதான்.

இவ்வளவு சொன்னாலும் அகலமான திரைக்குத் தேவை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தத் தேவை எவ்வளவு உண்மையானது என்று பார்க்க ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு வாருங்கள். குறைதீர் நாள் கூட்டத்துக்கு வந்த பெரியவர்கள் போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, பட்டா சிட்டாவைப் படிக்கப் பார்ப்பார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையைவிட்டு வெளியே போகும். சிறிதாக்கினால் தெரியாது. தமிழில் சொற்கள் நீளம். ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் பெரிய எழுத்து வைத்தால் வரிக்கு இரண்டு சொல்லோடு நின்றுவிடும். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் சேர்த்துப் பார்க்க இடப்பக்கமும் வலப்பக்கமும் இழுத்து இழுத்து, கடைசியில் பக்கத்திலிருக்கும் பையனிடம் போனைக் கொடுத்து, "கண்ணு, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்பார்கள். படிக்கத் தெரிந்தவரைப் படிக்க முடியாதவராக ஆக்கிவிடுகிறது அந்தத் திரை. 13.6 சென்டிமீட்டர் அகலம் அவர்களுக்கு உண்மையிலேயே வரப்பிரசாதம். போன்களில் படிப்பதற்கு மடிப்புத் திரையைப்போல் வசதியானது வேறில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அவர்களை நினைத்து யாரும் அந்தப் போனைச் செய்யவில்லை. பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கும் டேப்லெட் ஒன்று வீட்டில் இருந்தால் அவர்கள் தேவை இன்றைக்கே தீரும். மடிப்பு போன்தான் தீர்வு என்று அவர்களைக் காக்கவைப்பது சரியில்லை.

மடிப்புத் திரைக்கு எதிர்காலமே இல்லையா என்று கேட்டால், இருக்கலாம் என்பேன். அதற்கு வழி விலைக்குறைப்பில் இல்லை. உள் திரையைக் கீலிலிருந்து தனியாகக் கழற்றும்படி செய்யட்டும். மேல் படலத்தை ஊர்க் கடையிலேயே மாற்றும்படி விற்கட்டும். கீலைத் தனி உதிரிபாகமாகக் கொடுக்கட்டும். முடியாத காரியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் உதிரிபாகம் கொடுப்பதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியிருக்கிறது. விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், அந்தப் பட்டியலில் மடிப்பு போனின் கீலும் உண்டு. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்குக் குறியீடு கொடுக்கலாம் என்று ஒரு குழு 2025 மே மாதம் அறிக்கையும் தந்தது. இணையதளமும் அறிக்கையும் போதாது. ஏழு ஆண்டு உதிரிபாகம் இங்கேயும் சட்டமாக வேண்டும். பெட்டியில் எம்ஆர்பி போடுவதுபோல் உள் திரையின் விலையையும் அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். கடைக்குப் போய் மடிக்கும் போனைக் கையில் எடுக்கும் முன், வாரன்டி முடிந்த பிறகு உள் டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு ஆகும், எந்த ஊரில் மாற்றித் தருவீர்கள், எத்தனை வருஷம் அந்தப் பீஸ் கிடைக்கும் என்று கேளுங்கள். பதிலை வாயால் சொன்னால் வாங்கிக்கொள்ளாதீர்கள், பில்லிலேயே எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் போனைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.